மடக்கு நாற்காலி: சுமக்கும் தோளும் எழும் முழங்காலும்

கூடாரப் பயணங்கள் பெருகிவிட்ட பினாங்கில், பல கார்களின் பின்பெட்டியில் ஒரு மடக்கு நாற்காலி இடம்பிடித்திருக்கிறது. அதை வாங்குவதற்கு முன் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் எவை என்பதையும், அவை கேட்கப்படாதபோது நேரும் விளைவுகள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தெலுக் பஹாங்கில், வார இறுதிக் காலைகளில் தேசியப் பூங்காவின் நுழைவாயிலருகே வந்து நிற்கும் கார்களின் பின்கதவுகள் திறக்கப்படும்போது, நாசி லெமாக் பொட்டலங்களுக்கும் பனிக்கட்டிப் பெட்டிகளுக்கும் அடியிலிருந்து நீளப் பைகள் உருவி எடுக்கப்படுகின்றன. இளைஞர்கள் அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படகுத்துறையை நோக்கி நடக்க, சிறுவர்கள் பையின் வாரைத் தரையில் இழுத்துக்கொண்டு பின்தொடர்கிறார்கள். கடற்கரையை அடைந்ததும் பைகள் அவிழ்கின்றன. சில நொடிகளில் வண்ணத்துணி விரிந்து நாற்காலியாகிவிட, குடும்பத்தில் மூத்தவரே முதலில் அதில் அமர்த்தப்படுகிறார். அடுத்த ஒரு மணி நேரம் அனைவருக்கும் இன்பமாகக் கழிகிறது. அதன்பின் அந்த மூத்தவர் எழ முயலும்போது நாற்காலியின் பின்கால்கள் மணலில் ஆழப் புதைந்திருக்கின்றன. துணிக் கைப்பிடி அவருடைய உள்ளங்கைக்குக் கீழே தொய்கிறது. “பாட்டி, கையக் குடுங்க” என்று இருபுறமும் இருவர் நின்று தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

கடையில் மடக்கு நாற்காலி வாங்குவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு: அதன் எடை என்ன என்பதும், அது எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதுமே அவை. இவ்விரண்டும் தேவையான கேள்விகளே என்றாலும், ஒரு நாற்காலி பயணத்துக்கு உகந்ததா என்பதை இறுதியில் முடிவு செய்பவை வேறு மூன்று. வண்டி நிற்கும் இடத்திலிருந்து உட்காரும் இடம் வரை அதைச் சுமப்பவர் யார், அது எத்தகைய தரையில் நிற்கப்போகிறது, அதிலிருந்து எழுந்திருக்க வேண்டியவர் யார் என்பவையே அவை. இவற்றுக்கு விடை காணாமல் வாங்கப்படும் நாற்காலி, விலை எதுவாயினும், இரண்டு மூன்று பயணங்களுக்குள் வீட்டு மாடிப்படியின் அடியில் ஒதுங்கிவிடுகிறது.

நாற்காலி விரியும் இடங்கள்

முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்து 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா, நிலமும் கடலும் சேர்ந்து ஏறத்தாழ 2,500 ஹெக்டேர் பரப்புடையது. அதன் நுழைவாயிலிலிருந்து ஆமைப் பாதுகாப்பு மையம் அமைந்துள்ள பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குச் செல்லும் காட்டுப்பாதை மூன்று கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான நீளமுடையது என்பதோடு, வேர்களும் ஏற்ற இறக்கங்களும் நிறைந்தது. படகில் செல்வோருக்கோ இந்த நடை மிச்சமாகிறது. ஆகவே, ஒரே கடற்கரைக்குச் செல்லும் இரு குடும்பங்களுக்கு, சென்றடையும் வழி வேறுபடுவதனால் மட்டுமே, இரு வேறு நாற்காலிகள் தேவைப்படுகின்றன.

தீவைத் தாண்டிச் செல்வோருக்குப் புக்கிட் மெர்தாஜாமின் செரோக் தொக் குன் வனப்பூங்காவும், கெடாவில் கூலிமுக்கு அருகிலுள்ள சுங்கை செடிம் ஆற்றங்கரையும், 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலையின் அடிவாரமும் பழக்கப்பட்ட இடங்களாக உள்ளன. கூடாரத்தோடு தொடர்பே இல்லாத பயன்பாடு ஒன்றும் தமிழர்களிடையே உண்டு. தைப்பூச நாள்களில், 513 படிகளின் உச்சியில் அமைந்த தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும், தண்ணீர்ப் பந்தல்களின் ஓரங்களிலும், காவடிகளைக் காண வரும் முதியோர்கள் நெடுநேரம் அமர்ந்திருப்பது இதே மடக்கு நாற்காலிகளில்தான். கடற்கரை மணல், ஆற்றுக் கூழாங்கல், மலையடிவாரச் சேறு, தார்ச்சாலை ஆகிய நான்கு வகைத் தரைகளிலும் ஒரே நாற்காலி ஒரே மாதிரி நிற்கும் என்று எதிர்பார்ப்பதிலிருந்தே பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

ரூர்க்கியிலிருந்து கொரியா வரை

மடக்கி எடுத்துச் செல்லும் இருக்கை மிகப் பழைய பொருள். எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறை 1922-இல் திறக்கப்பட்டபோது கிடைத்த பொருள்களிடையே மடக்கு முக்காலிகளும் இருந்தன. உரோமானிய ஆட்சியாளர்கள் தங்கள் பதவிக்கு அடையாளமாக மடக்கு இருக்கையைப் பயன்படுத்தினர். எனினும், இன்றைய பயண நாற்காலியின் தொழில்நுட்பத்துக்கு நேர் முன்னோடியாகக் கருதத்தக்கது, வட இந்தியாவில் இராணுவப் பொறியாளர்களின் நகரமாக விளங்கிய ரூர்க்கியின் பெயரைத் தாங்கிய நாற்காலியாகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான அந்த நாற்காலியில் பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. கடைந்தெடுத்த நான்கு கால்களின் துளைகளில் கூம்பு முனையுள்ள குறுக்குச் சட்டங்கள் செருகப்பட்டு, தடித்த துணியும் தோல்வார்களும் அவற்றை இழுத்துப் பிடித்துக்கொள்ள, அமர்பவரின் எடையே மூட்டுகளை இறுக்கியது. மூட்டுகள் சற்றுத் தளர்ந்து கொடுத்ததால் நான்கு கால்களும் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தனித்தனியே தரையைத் தொட்டு நின்றன. டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933-இல் வடிவமைத்த ‘சஃபாரி’ நாற்காலி இதை நேரடியாகப் பின்பற்றியதாகும்.

மற்றொரு கிளை, 1877-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஃபென்பி காப்புரிமை பெற்ற மடக்கு நாற்காலியிலிருந்து வளர்ந்தது. குறுக்காக மடங்கும் சட்டத்தின் முனைகளில் ஒற்றைத் துணியைத் தொங்கவிடும் அந்த உத்தியே, 1938-இல் அர்ஜென்டினாவில் உருவான ‘பட்டர்ஃபிளை’ நாற்காலி வழியாக உலகெங்கும் பரவியது. கூடாரக் கம்பிகளுக்கான அலுமினியக் குழாய்களைத் தயாரித்துவந்த தென்கொரிய நிறுவனமொன்றின் கிளைப் பெயராகிய ஹெலினாக்ஸ், அதே குழாய்களை மீள்கயிற்றால் கோத்து, ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் நாற்காலியாக்கிய பின்னரே, இன்று மலேசியக் கடைகளில் ‘மூன் சேர்’ என்று அழைக்கப்படும் வகை பெருகியது.

பெட்டிச் செய்தி 1: கடைகளில் கிடைக்கும் வகைகள்

• குடை மடிப்பு நாற்காலி: நான்கு கால்களும் குடைக்கம்பிகளைப் போல ஒன்றாகச் சுருங்கும். எடை 3 முதல் 4 கிலோ. பையின் நீளம் ஏறத்தாழ 90 செ.மீ.; இருக்கை உயரம் 40 செ.மீ.க்கு மேல். விலை குறைவு, விரிப்பது எளிது.

• மூன் சேர்: மீள்கயிற்றால் கோத்த குழாய்களை நெகிழிக் கணுக்களில் செருகி, முனைகளில் துணியை மாட்ட வேண்டும். எடை 1 முதல் 1.5 கிலோ, பையின் நீளம் 35 முதல் 40 செ.மீ.; இருக்கை உயரம் பெரும்பாலும் 30 முதல் 35 செ.மீ.

• கெர்மிட் வகை: மோட்டார் சைக்கிளில் பயணம் செய்வோருக்காக அமெரிக்காவில் உருவானது. மரம் அல்லது அலுமினியச் சட்டமும் உறுதியான கைப்பிடியும் உண்டு, இருக்கை தாழ்வானது.

• டைரக்டர் சேர்: தட்டையாக மடங்கும், நிமிர்ந்த முதுகும் விறைப்பான கைப்பிடிகளும் கொண்டது. பையில் அடங்காது, காரில் மட்டுமே கொண்டு செல்லலாம்.

• சாய்வு நாற்காலி: கால் நீட்டிப் படுக்க ஏற்றது. எடை 7 கிலோ அளவில் இருப்பதால் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய முகாம்களுக்கு மட்டுமே பொருந்தும்.

சுமக்கும் தூரம்

நாற்காலியின் எடையைக் கையில் தூக்கிப் பார்த்து மதிப்பிடுவது போதுமானதாகாது. ஏனெனில், கடையில் அரை நிமிடம் தூக்கும்போது இலேசாகத் தோன்றும் 4 கிலோ, குடிநீர், கூடாரம், உணவு ஆகியவற்றோடு சேர்ந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தில் சுமக்கப்படும்போது பயணத்தின் மகிழ்ச்சியையே குலைத்துவிடக்கூடியது. காட்டுப்பாதையில் எடையைவிட நீளம் கூடுதலான தொல்லை தருவதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 90 செ.மீ. நீளமுள்ள பை தோளில் தொங்கும்போது முழங்காலின் பின்புறத்தை இடித்துக்கொண்டே வருவதோடு, குனிந்து செல்ல வேண்டிய இடங்களில் கொடிகளிலும் கிளைகளிலும் மாட்டிக்கொள்கிறது.

வாகனமும் இத்தேர்வில் பங்கு வகிக்கிறது. ஜார்ஜ் டவுனிலிருந்து 101-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்தில் தெலுக் பஹாங் செல்பவருக்கு, மடியிலோ இருக்கையின் அடியிலோ வைத்துக்கொள்ளக்கூடிய 40 செ.மீ. பை வசதியானது. மோட்டார் சைக்கிளில் செல்வோர் நீளப் பையைக் குறுக்காகக் கட்டிக்கொண்டு நெரிசல் மிகுந்த சாலையில் ஓட்டுவது, பக்கத்தில் முந்திச் செல்லும் வண்டிகளுக்கும் தமக்கும் ஆபத்தாகும். அவர்களுக்கும் குறுகிய பையே ஏற்றது. காரிலிருந்து ஐம்பது அடி நடந்தால் போதும் என்ற நிலையில் உள்ளவர் எடை குறைந்த நாற்காலிக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் குடை மடிப்பு நாற்காலிக்கும் பல நூறு வெள்ளி விலையுள்ள நாற்காலிக்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு, இலேசான உலோகத்துக்கும் கச்சிதமான பைக்குமே செல்கிறது. அமரும் சுகம் அதே விகிதத்தில் கூடுவதில்லை.

முழங்காலே நீதிபதி

தாழ்வான இருக்கையில் அமரும்போது இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அந்நிலையிலிருந்து எழுவதற்கு உடல் முன்னோக்கி வெகுவாகச் சாய வேண்டியிருப்பதோடு, தொடைத் தசைகளும் முழங்கால் மூட்டும் உடலின் எடையைக் கூடுதலான தூரத்துக்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டு மேசை நாற்காலியின் உயரம் ஏறத்தாழ 45 செ.மீ. எனில், மூன் சேரின் உயரம் அதைவிட 10 முதல் 15 செ.மீ. குறைவு. இருபது வயதுடையவருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவருக்கோ அதுவே உதவியின்றி எழுவதற்கும் பிறர் கையை எதிர்பார்ப்பதற்கும் இடையிலான எல்லையாகிறது. இவ்வாறு எழச் சிரமப்படும் முதியோர்கள், கழிப்பறைக்குச் செல்வதைத் தள்ளிப்போடவும், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளவும் தொடங்குகிறார்கள் என்பது, வெப்பம் மிகுந்த பினாங்குக் கடற்கரையில் எளிதாகக் கடந்துவிடத்தக்க விளைவாகாது.

கைப்பிடியின் தன்மை உயரத்துக்கு அடுத்தபடியாக முக்கியமானது. குடை மடிப்பு நாற்காலிகள் பலவற்றில் கைப்பிடி என்பது இரு கம்பிகளுக்கு இடையே கட்டப்பட்ட துணிப்பட்டையே. கையை வைத்துக்கொள்ள அது போதுமானது, ஆனால் ஊன்றி எழுவதற்கு உதவாது. ஊன்றும் கணத்தில் துணி தொய்ந்து, எடை ஒரு பக்கமாகச் சரிய, நாற்காலி அந்தப் பக்கமே கவிழக்கூடும். மூன் சேர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கைப்பிடியே இல்லை. ஆகவே, முதியோருக்கு வாங்கும்போது, மரத்தாலோ உலோகத்தாலோ ஆன விறைப்பான கைப்பிடி உள்ளதா என்பதையும், அது முன்கால்களுக்கு நேர் மேலே வரை நீண்டிருக்கிறதா என்பதையும் பார்ப்பது இன்றியமையாதது.

முதுகைப் பொறுத்தவரை, 1960-களில் சுவீடனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளின் உள்ளழுத்தத்தை ஊசி மூலம் அளந்து, சாய்மானமின்றி முன்குனிந்து அமரும்போது அவ்வழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுகிறது என்று காட்டினார். பின்னால் சாய்ந்து அமரும்போது மேலுடலின் எடையில் ஒரு பகுதியை முதுகுச் சாய்மானம் ஏற்றுக்கொள்வதால் சுமை குறைகிறது. தொட்டில்போல் தொங்கும் துணியில் சாய்மானம் இருப்பதாகத் தோன்றினாலும், துணி நடுவில் தொய்ந்துவிட்டால் இடுப்பு உள்ளிறங்கி, முதுகின் கீழ்ப்பகுதி கூன்விழுந்த நிலையிலேயே நிற்கும்; தோள்களும் இருபுறத்துத் துணியால் உள்நோக்கி நெருக்கப்படும். முதல் பத்து நிமிடங்களில் இதமாகத் தோன்றும் இந்தத் தொய்வே ஒரு மணி நேரத்துக்குப் பின் இடுப்பு வலியாக வெளிப்படுகிறது.

இருக்கையின் முன்விளிம்பும் கவனத்துக்குரியது. விளிம்பில் ஓடும் கம்பியோ இழுத்துக் கட்டிய துணியோ தொடையின் அடிப்பகுதியை அழுத்தினால் கால் மரத்துப்போகிறது. முதுகை முழுவதும் சாய்த்து அமர்ந்த நிலையில், இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருக்குமானால், அந்த ஆழம் அவருக்குப் பொருத்தமானது. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், குடும்பத்தில் உயரமான ஒருவர் அமர்ந்து பார்த்து அனைவருக்கும் ஒரே மாதிரி நான்கு நாற்காலிகள் வாங்குவது தவறான முறையாகும்.

மணலின் கணக்கு

நாற்காலி மணலில் புதைவதற்கான காரணம் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. 2.5 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கால்முனை ஒன்றின் பரப்பு 5 சதுர செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. நான்கு கால்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 20 சதுர செ.மீ. அதில் 80 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 4 கிலோ சுமை இறங்குகிறது. அதே கால்களில் 7 செ.மீ. விட்டமுள்ள தட்டுகள் பொருத்தப்பட்டால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 154 சதுர செ.மீ. ஆகி, சுமை அரைக் கிலோ அளவுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. சாய்ந்து அமரும்போது எடை பின்கால்களுக்கு மாறுவதால் அவையே முதலில் புதைகின்றன; அதன் விளைவாக, அமர்ந்தவர் தாம் அறியாமலே மேலும் மேலும் மல்லாந்த நிலைக்குச் சென்று, எழும் வேலையைத் தமக்கே கடினமாக்கிக்கொள்கிறார்.

இதற்கான தீர்வுகள் விலையுயர்ந்தவை அல்ல. நான்கு கால்களையும் இணைக்கும் தரைத்துணியைச் சில நிறுவனங்கள் தனியே விற்கின்றன. பழைய டென்னிஸ் பந்துகளில் கீறலிட்டுக் கால்முனைகளில் செருகிக்கொள்ளும் வழக்கமும் பரவலாக உள்ளது. பக்கவாட்டுக் கால்கள் தரையோடு ஒட்டிய ஒரே நீளச்சட்டமாக அமைந்த நாற்காலிகள் மணலில் மிகக் குறைவாகவே புதைகின்றன. ஆனால் அதே வகை, கூழாங்கற்கள் நிறைந்த ஆற்றங்கரையில் ஆட்டங்கொடுக்கும். அங்கே தனித்தனிக் கால்களும் சற்று நெகிழும் மூட்டுகளும் உடைய நாற்காலியே நிலையாக நிற்கும் என்பதை ரூர்க்கி நாற்காலி நூறாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

உப்புக் காற்றும் ஈரமும்

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழையும், ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டையொட்டிய காற்று ஈரப்பதமும், அருகிலேயே கடலும் உள்ள ஊரில், நாற்காலி உடைவதைவிடத் துருப்பிடித்து மடிவதே அதிகம். எஃகுக் குழாயின் மேல் பூசப்பட்ட வண்ணம் அதன் வெளிப்புறத்தை மட்டுமே காக்கிறது. ஆணி அடிப்பதற்காகத் துளையிடப்பட்ட இடங்களில் வெறும் உலோகம் வெளிப்பட்டிருப்பதால், துரு அங்கே தொடங்கி உட்புறமாகப் பரவுகிறது. மேலே பளபளப்பாக இருக்கும் குழாய் ஒரு நாள் துளையருகே முறிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ளது என்பதோடு, அதன் மேல் இயல்பாகவே உருவாகும் ஆக்சைடு படலம் அதைப் பாதுகாக்கவும் செய்கிறது. ஆனால் அலுமினியக் குழாயில் எஃகு ஆணி அறையப்பட்டிருந்தால், உப்புநீர் படும்போது அவ்விரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு, அதாவது ஒரு சிறு மின்கலத்தில் நிகழ்வது போன்ற வேதிமாற்றம், ஏற்பட்டு, ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்குகிறது. மூன் சேரின் குழாய் முனைகளில் புகுந்த மணலும் உப்பும் அகற்றப்படாவிட்டால், சில மாதங்களில் குழாய்கள் கணுக்களோடு இறுகிப்போய், பிரிக்க முடியாத நிலை உருவாகிறது.

துணியைப் பற்றி விளம்பரங்களில் காணப்படும் ‘600 டி’ போன்ற குறிப்பு, நூலின் தடிமனைக் குறிக்கும் டெனியர் என்ற அளவாகும். 9,000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை 600 கிராம் என்பதே அதன் பொருள். எண் கூடினால் நூல் தடிக்கிறது. தையலின் தரத்தைப் பற்றி அந்த எண் எதையும் சொல்வதில்லை. துணி பெரும்பாலும் நடுவில் கிழிவதில்லை. குழாய் முனை நுழையும் மூலைப்பையின் தையலிலேயே விட்டுப்போகிறது. வெயிலைத் தாங்குவதில் நைலானைவிடப் பாலியெஸ்டர் மேலானது. முதுகுப் பகுதியில் வலைத்துணி உள்ள நாற்காலி வியர்வையைக் குறைப்பதோடு, மழையில் நனைந்தால் விரைவில் உலர்ந்தும்விடுகிறது. பாலியெஸ்டரும் நைலானும் தீப்பொறி பட்டவுடன் உருகித் துளைபடுபவை ஆதலால், மீன் சுடும் அடுப்பிலிருந்து நாற்காலிகளைத் தள்ளியே போட வேண்டும்.

பயணம் முடிந்த மாலையில் நன்னீரால் மூட்டுகளைக் கழுவி, துணியைக் கழற்றி நிழலில் உலர்த்திய பின்னரே பையில் இடுவது, நாற்காலியின் ஆயுளைப் பல மடங்கு கூட்டும். ஈரத்தோடு சுருட்டி வைக்கப்பட்ட துணியில் பூஞ்சை படிகிறது. வெளியே விட்டுவைக்கப்பட்ட நாற்காலியின் தொய்ந்த இருக்கையிலும் குவளைப் பையிலும் தேங்கும் மழைநீரோ, டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவதற்குப் போதுமான இடமாகிறது.

பெட்டிச் செய்தி 2: கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை

• யாருக்காக வாங்கப்படுகிறதோ அவரே குறைந்தது பதினைந்து நிமிடம் அமர்ந்து பார்க்க வேண்டும்.

• கையை ஊன்றாமல் ஒரு முறையும், ஊன்றி ஒரு முறையும் எழுந்து பார்க்க வேண்டும்.

• வலமும் இடமும் சாய்ந்து, கீழே விழுந்த பொருளை எடுப்பதுபோலக் குனிந்து, கால்கள் தரையைவிட்டு எழுகின்றனவா என்று கவனிக்க வேண்டும்.

• விற்பனையாளரின் உதவியின்றி விரித்து, மடக்கி, மீண்டும் பையில் இட்டுப் பார்க்க வேண்டும். கடையில் நுழையாத பை, மழை தூறும் கடற்கரையில் நுழையப்போவதில்லை.

• மூலைப்பையின் தையலையும், ஆணியடித்த துளைகளின் ஓரத்தையும், கணுக்களில் விரிசல் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

• மடங்கும் இடங்களில் குழந்தையின் விரலோ சேலை, வேட்டியின் ஓரமோ சிக்கக்கூடிய இடைவெளிகள் உள்ளனவா என்று சோதிக்க வேண்டும்.

‘150 கிலோ தாங்கும்’ என்ற வாசகம்

நாற்காலியின் விவரச்சீட்டில் அச்சிடப்படும் தாங்குதிறன், சமதளத்தில் அசையாமல் வைக்கப்பட்ட எடையைக் குறிப்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. உண்மைப் பயன்பாட்டில் ஒருவர் தொப்பென்று அமரும்போது ஏற்படும் தாக்குவிசை அவருடைய எடையைவிடக் கூடுதலாகும். மேடுபள்ளமான தரையில் நான்கு கால்களின் சுமை இரண்டு அல்லது மூன்று கால்களில் மட்டுமே இறங்குவதும் உண்டு. ஆகவே, அமர்பவரின் எடையைவிடக் குறைந்தது நான்கில் ஒரு பங்கு கூடுதலான தாங்குதிறனுள்ள நாற்காலியைத் தேர்வதே அறிவுடைமை. ஐரோப்பாவில் கூடாரப் பயணம், வீடு, பொது இடம் ஆகியவற்றுக்கான வெளிப்புற இருக்கைகளுக்கு ‘இஎன் 581’ என்ற தரநிலை நடைமுறையில் உள்ளது. நாற்காலியின் விவரச்சீட்டில் அந்த எண் குறிக்கப்பட்டிருப்பது, வெறும் கிலோ எண்ணைவிட நம்பத்தக்க சான்றாகும். விரல் நசுங்கும் ஆபத்தின் காரணமாக மடக்கு நாற்காலிகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட நிகழ்வுகள் அமெரிக்காவில் பலமுறை நடந்துள்ளன என்பதால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டினர் மூட்டுகளை ஐயத்தோடு பார்ப்பதில் தவறில்லை.

இயங்கலைக் கடைகளில் படத்தை மட்டுமே பார்த்து வாங்கும் வழக்கம் பெருகியிருப்பதால், சட்டம் தரும் பாதுகாப்பையும் வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதும், விளம்பரத்தில் உள்ள விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும், கடைக்காரர் எழுதித் தராவிட்டாலும் செல்லுபடியாகும் உத்தரவாதங்களாகும். 150 கிலோ என்று விற்கப்பட்ட நாற்காலி 70 கிலோ எடையில் முறிந்தால், வாங்கியவர் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் முறையீடு செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்குரைஞர் இல்லாமலே விசாரிப்பது அம்மன்றத்தின் நடைமுறை. ஜார்ஜ் டவுனைத் தலைமையிடமாகக் கொண்டு, 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் பல பத்தாண்டுகள் வழிநடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்திலும் இத்தகைய முறையீடுகளுக்கு வழிகாட்டுதல் பெறலாம். பற்றுச்சீட்டையும், விளம்பரப் பக்கத்தின் படத்தையும், முறிந்த பகுதியையும் பத்திரப்படுத்தாதவருக்கு இந்த உரிமைகள் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஆற்றுக்குள் நாற்காலி

ஆழமில்லாத ஓடையின் நடுவே நாற்காலியைப் போட்டு, கால்களைக் குளிர்ந்த நீரில் நனைத்தபடி அமர்ந்து படம் எடுத்துக்கொள்வது அண்மைக் காலத்தில் பரவியுள்ள வழக்கம். ஆனால் மலையுச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாமலே, மலேசியாவில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்காகச் சில நிமிடங்களில் ஆற்றில் பாய்ந்து வரக்கூடும். 2021 ஆகஸ்டு 18 அன்று குனோங் ஜெராய் மலையிலிருந்து யான் வட்டாரத்தில் இறங்கிய அத்தகைய பெருக்கு உயிர்களைக் காவு கொண்டது. தாழ்வான இருக்கையில் சாய்ந்திருப்பவருக்கு எழுவதற்கே பல நொடிகள் தேவைப்படும் நிலையில், நீர் கலங்குவதையோ இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதையோ கண்டபின் தப்பிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. 2022 டிசம்பர் 16 அன்று சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம் ஒன்றின் மீது மண் சரிந்து 31 பேர் மாண்ட துயரத்துக்குப் பிறகு, சரிவுகளின் அடியில் கூடாரமிடுவதைப் பற்றிய எச்சரிக்கை பரவலாகியுள்ளது. அதே எச்சரிக்கை நாற்காலி போடும் இடத்துக்கும் பொருந்தும். முதியோரின் நாற்காலி கரையின் மேட்டுப்பகுதியில், வெளியேறும் பாதையை நோக்கியே இருக்க வேண்டும்.

யாருக்கு எது

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால், எல்லாருக்கும் ஏற்ற ஒரே நாற்காலி இல்லை என்பது தெளிவாகிறது. காட்டுப்பாதையில் நடந்து செல்லும் இளையோருக்கு, அகன்ற கால்முனைகள் பொருத்திய அலுமினிய மூன் சேர் ஏற்றது. படகிலோ காரிலோ செல்லும் குடும்பத்தினர், எடையைப் பற்றிக் கவலைப்படாமல், 42 செ.மீ.க்குக் குறையாத உயரமும் விறைப்பான கைப்பிடியும் உள்ள நாற்காலிகளை மூத்தவர்களுக்கென்று ஒன்றிரண்டு வாங்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு மலிவான குடை மடிப்பு வகையையோ பாயையோ வைத்துக்கொள்ளலாம். தைப்பூசக் கூட்டத்துக்கு, குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் டைரக்டர் சேர் பொருத்தமானது; நெடுநேரம் நடக்க வேண்டியவர்களுக்கு முதுகுச் சாய்மானமுள்ள சிறிய முக்காலி போதும். ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே வெளியே செல்பவர், புதிதாக வாங்குவதைவிட உறவினரிடமோ முகாம் நடத்துபவரிடமோ இரவல் வாங்குவது, மூன்றாவது பயணத்தில் குப்பைக்குச் செல்லும் நாற்காலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்.

செலவிடும் தொகை வரம்புக்கு உட்பட்டதாக இருக்குமானால், அதை எடைக்குறைப்புக்குச் செலவிடுவதைவிட உயரத்துக்கும் கைப்பிடிக்கும் கால்முனைக்கும் செலவிடுவதே குடும்பப் பயணங்களுக்கு உகந்தது. அடுத்த விடுமுறைக்கு நாற்காலி வாங்கக் கடைக்குச் செல்லும் வாசகர்கள், வீட்டில் மூத்தவரையும் உடன் அழைத்துச் சென்று, அவர் பிறர் உதவியின்றி எழக்கூடிய நாற்காலிக்கு மட்டுமே பணம் செலுத்துவார்களாக.